முந்நூற்று எழுபத்தைந்து: ஆழம் பார்த்த தோட்டா

பெத்தப்பாவின் தகரப் பெட்டிக்குள், காணி உறுதிக்கும் பழைய கூப்பன் அட்டைகளுக்கும் அடியில் ஒரு பித்தளைக் கோது கிடந்தது. நடுவிரல் நீளம் இருக்கும். திறந்த வாயை உதட்டோரம் சரித்து ஊதினால் கூர்மையாக ஒரு சத்தம் வரும். எங்களுக்கு அது விசில். ஒருநாள் என் முறை வந்தபோது அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். வட்டமாக ஆங்கில எழுத்துகளும் 375 என்ற எண்ணும் பொறித்திருந்தன. கேட்டேன். “அது வெள்ளைக்காரன்ட தோட்டா மனே. ஆனைக்கு எண்டே செஞ்சது. நம்மட இடியனுக்குள்ள அது போகாது” என்றார். இடியன் என்பது வாய்வழியே மருந்து இடிக்கும் நாட்டுத் துவக்கு. அதற்கு மேல் பேச்சில்லை. வேட்டைக்கு வந்த துரைமாருக்கு யானையின் அடித்தடம் பார்த்துக் கொடுக்க இளமையில் அவர் காட்டுக்குப் போனவர் என்பதை அம்மாதான் பிறகு சொன்னார்.

இன்று அந்த எண் வேறு வழியில் ஊருக்குள் வந்திருக்கிறது. வெள்ளாண்மைக் காலத்தில் பரணில் இரவுக் காவல் இருக்கும் பொடியன்கள் கைத்தொலைபேசியில் ஆபிரிக்க வேட்டைக் காணொளிகளைப் பார்க்கிறார்கள். மட்டக்களப்பில் வெல்லாவெளிப் பக்கத்திலும் சரி, அம்பாறையில் மல்வத்தை, சம்மாந்துறைப் பக்கத்திலும் சரி, முந்நூற்று எழுபத்தைந்தைக் கண்ணால் கண்டிராத ஆட்கள் அதைப்பற்றி மணிக்கணக்காக வாதாடுவதை நானே கேட்டிருக்கிறேன். யானை இறங்கும் ஊரில் யானைத் தோட்டாவைப் பற்றிப் பேசுவது இயல்புதான். ஆனால் அந்தப் பேச்சில் பெரும்பாலும் ஒன்று தவறிப்போகிறது. அதை உலகிலேயே பலமான தோட்டா என்று நினைக்கிறார்கள். அது ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. அது வந்த காலத்திலேயே அதைவிடப் பெரியவை பல இருந்தன. அவையெல்லாம் பின்னால் போக, நடுத்தரமான இது மட்டும் நூறு ஆண்டைத் தாண்டி ஏன் நின்றது என்பதுதான் கதை.

முதலில் அளவுகளைப் பார்ப்போம். .375 என்பது ரவையின், அதாவது கோதை விட்டுப் பறந்துபோகும் குண்டின், விட்டம்: ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு, ஏறத்தாழ 9.5 மில்லிமீற்றர். கோதின் நீளம் 72 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். யானை, எருமை போன்றவற்றுக்கு வழங்கும் ரவையின் எடை 300 கிரேன், அதாவது 19.4 கிராம். குழலை விட்டு வெளிவரும் வேகம் செக்கனுக்கு 770 மீற்றர் அளவில். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 5,800 யூல் சக்தி.

நம் ஆட்களுக்குத் தெரிந்த துவக்குகளோடு ஒப்பிட்டால் இது விளங்கும். போர்க்காலத்தில் வீதித் தடைதோறும் நாம் பார்த்த டி-56 துவக்கின் ரவை 8 கிராம், சக்தி 2,000 யூலை ஒட்டி. கச்சேரியில் பயிர்ப் பாதுகாப்புக்கென அனுமதிப்பத்திரம் கொடுக்கும் பன்னிரண்டு போர் (குழல் அளவு) சொட்கன்னில், பெரிய சன்னங்கள் அடைத்த எஸ்.ஜி. தோட்டா போட்டால் மொத்தச் சக்தி டி-56ஐவிடக் குறையாது. ஆனால் அது எட்டு ஒன்பது சன்னங்களுக்குப் பிரிந்து போகிறது. ஒரு சன்னத்தின் பங்கு 300 யூலுக்கும் குறைவு. உருண்டையான ஈயம் வேறு. சதைக்குள் போனதும் நசுங்கி நின்றுவிடும். பன்றிக்கு அது போதும். நான்கு தொன் யானைக்கு அது தோலுக்குக் கீழே ஒரு நெருப்புப் பொறி. இடியனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குழலில் மருந்தை இடித்து இறுக்குகிறவனின் கை அளவுதான் அதன் பலம்.

லண்டனில் ஹொலன்ட் அன்ட் ஹொலன்ட் என்ற துவக்குச் செய்வோர் இந்தத் தோட்டாவை வெளியிட்ட ஆண்டு 1912. அன்றைய நிலையை அறியாமல் இதன் வடிவம் புரியாது. கரிமருந்து போய்ப் புகையில்லா மருந்து வந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. பிரித்தானியர் பயன்படுத்திய மருந்தின் பெயர் கோடைட். 1889இல் உரிமம் பெற்ற அந்த மருந்து தூளாக இருக்காது. இடியப்ப உரலில் பிழிந்ததுபோல நூல் நூலாக இருக்கும். கயிறு என்று பொருள்படும் சொல்லிலிருந்துதான் அதன் பெயரே வந்தது. நூல்களை நீளமாகக் கட்டிக் கோதுக்குள் நிறுத்துவார்கள். அதனால்தான் அக்காலத்துப் பிரித்தானியத் தோட்டாக்களெல்லாம் முருங்கைக்காய் போல ஒடுங்கி நீண்டிருந்தன.

கோடைட்டுக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. வெயிலைக் கண்டால் அது துள்ளும். இங்கிலாந்துக் குளிரில் அளவாக எரிந்த அதே மருந்து, பங்குனி சித்திரை வெயிலில் காய்ந்த தோட்டாவுக்குள் இருந்தால் அழுத்தம் கூடிப் பித்தளைக் கோதைக் குழலின் சுவரோடு அமத்திப் பிடித்துவிடும். வெடி வைத்தாயிற்று, யானை விழவில்லை, இப்போது வெற்றுக்கோது வெளியே வர மறுக்கிறது. அடுத்த தோட்டா போட வழியில்லை. யானைக்கு இருபது அடிக்குள் நிற்கிறவனுக்கு இதைவிடக் கெட்ட செய்தி ஏது? வெயில் நாடுகளுக்குத் தோட்டா செய்தவர்கள் ஆகவே இரண்டு காரியம் செய்தார்கள். மருந்துக்குத் தேவைக்கு மேல் இடம் விட்டு, அழுத்தத்தைத் தாழ்வாக வைத்தார்கள். கோதையும் அடியிலிருந்து நுனி நோக்கி நன்றாகச் சரித்து ஆப்பு வடிவில் செய்தார்கள். ஆப்பு அரை விரற்கடை அசைந்தாலே முழுதும் தளர்ந்துவிடும் என்பது மரம் பிளக்கிற எவனுக்கும் தெரியும். .375 இந்த இரண்டு புத்தியையும் முழுதாக வாங்கிக்கொண்டது. உள்ளே வழுக்கிப் போகும். வெளியே வழுக்கி வரும். துவக்குப் பிரியர்கள் இன்றும் முதலில் புகழ்வது இதைத்தான்.

ஆனால் ஆப்பு வடிவம் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. தோட்டா குழலுக்குள் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதைத் துல்லியமாகத் தீர்மானிக்க ஏதாவது ஒன்று வேண்டும். பழைய இரட்டைக்குழல் துவக்குகளின் தோட்டாவுக்கு அடியில் தட்டுப்போல விளிம்பு உண்டு, அது தடுத்துக்கொள்ளும். இரட்டைக்குழல் செல்வந்தரின் பொருள். இரண்டு குழலும் ஒரே புள்ளியில் அடிக்கும்படி கையால் சரிபார்த்துச் சரிபார்த்துச் செய்ய வேண்டும். 1898ஆம் ஆண்டு மௌசர் துவக்கு வந்தபிறகு, அதன் பொறியை வைத்து மலிவாக, நான்கு ஐந்து தோட்டா அடைக்கக்கூடிய வேட்டைத் துவக்குகள் செய்ய முடிந்தது. ஆனால் துவக்கின் தோட்டாப் பெட்டிக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும்போது விளிம்புகள் ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும். விளிம்பை எடுத்துவிட்டால் கோதின் தோள்பட்டைதான் தடுப்பாக நிற்க வேண்டும். இந்தத் தோட்டாவுக்கோ தோளே இல்லாத மாதிரிச் சரிவு.

இதற்குக் கிடைத்த விடைதான் அந்தப் பட்டி. கோதின் அடிப்பக்கத்தோரம், பிள்ளைக்கு அரைஞாண் கட்டியதுபோல ஒரு வளையம். தோட்டா உள்ளே போய் அந்த வளையத்தில் தட்டி நிற்கும், பெட்டிக்குள்ளும் கொளுவாது. 1905இல் இதே நிறுவனத்தின் இன்னொரு சிறிய தோட்டாவில் இதைப் பரீட்சித்துப் பார்த்திருந்தார்கள். .375இல்தான் அது பேரெடுத்தது. பிற்காலத்தில் நடந்தது வேடிக்கை. இந்தக் கோதை வெட்டியும் குறுக்கியும் அகட்டியும் அமெரிக்கர் ஒரு பரம்பரையையே உண்டாக்கினார்கள்: 1956இல் .458, 1958இல் .338, 1962இல் 7 மில்லிமீற்றர் ரெமிங்டன், 1963இல் .300 வின்செஸ்டர். அவற்றுள் பலவற்றுக்கு நல்ல தோள்பட்டை இருந்தது. பட்டி தேவையே இல்லை. ஆனாலும் மக்னம் (பலம் கூட்டிய தோட்டா) என்றால் பட்டி இருக்க வேண்டும் என்று வாங்குகிறவர்கள் எதிர்பார்த்தார்கள். தேவைக்கு வந்த அரைஞாண் அழகுக்கு நின்றுவிட்டது.

இனி ஆழத்தைப் பற்றிப் பேசலாம். பரண் வாதங்களில் யூல் கணக்குத்தான் வெல்லும். 1898இல் ரிக்பி நிறுவனம் வெளியிட்ட .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் 31 கிராம் ரவையை அனுப்பியது. .600 வந்தபோது ரவை 58 கிராம், சக்தி பத்தாயிரம் யூலைத் தாண்டியது. துவக்கின் எடை ஏழு கிலோவுக்கு அருகில். அதைச் சுமக்கத் தனியாள் வேண்டும். தோளில் வைத்து வெடித்தவன் அடுத்த வெடியை யோசித்துத்தான் வைப்பான். ஆனால் யானையை விழுத்துவது சக்தி எண் அல்ல. யானையின் மண்டை திடமான எலும்பன்று. தேன்கூடுபோலக் காற்றறைகள் நிறைந்த தடித்த எலும்புப் பாளம். மூளை அதற்குள் ஆழத்தில், பின்னால், வெளியிலிருந்து பார்க்கிறவன் நினைக்கும் இடத்துக்குக் கீழே இருக்கிறது. ரவை நேர்கோட்டில், நசுங்காமல், வளையாமல் அதுவரை போக வேண்டும். அதற்கு வேண்டியது விட்டத்துக்கு ஏற்ற நீளமும் எடையும், கெட்டியான உறையும். மெல்லிய நீளமான ஆணியும் குட்டையான மொத்த ஆணியும் ஒரே சுத்தியல் அடியில் எப்படிப் போகின்றன என்று பாருங்கள். 300 கிரேன் .375 ரவை அந்த நீள ஆணி.

இதற்கு எதிர்ச்சாட்சியாக எல்லாரும் கூப்பிடுவது பெல்லை. கரமோஜோ பெல் என்று பேரெடுத்த அந்த ஸ்கொட்லாந்துக்காரர் ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார். பெரும்பாலும் 7 மில்லிமீற்றர் மௌசரால். அதன் ரவை வெறும் 11 கிராம். அப்படியானால் .375 எதற்கு என்பது கேள்வி. பெல் யானைத் தலையை வெட்டிப் பிளந்து உள்ளமைப்பைப் படித்தவர். எந்தக் கோணத்திலிருந்தும் மூளை எங்கே என்று அவருக்குத் தெரியும். தெரியாத கோணத்தில் சுட மாட்டார். அவர் கணக்கும் ஆழம்தான்; ஒடுங்கிய நீண்ட ரவை ஆழமாகப் போகும் என்பதை அவர் எல்லாருக்கும் முந்திப் பிடித்துக்கொண்டார். ஆனால் அந்தக் கையும் கண்ணும் ஆயிரத்தில் ஒருவருக்கு. மற்றவர்களுக்குக் கொஞ்சம் தவறினாலும் மன்னிக்கிற ஒன்று வேண்டும், அதேவேளை உதைப்பு தோளைப் பயமுறுத்தவும் கூடாது. உதைப்புக்குப் பயந்தவன் விசையை இழுக்கும்போது கண்ணை மூடுவான். .375இன் உதைப்பு பன்னிரண்டு போர் சொட்கன்னைவிடக் கடுமைதான், ஆனால் பழகினால் தாங்கலாம். பழக முடிந்த பலம் என்பதில்தான் அதன் முழு ரகசியமும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இலங்கையில் அதற்கு முந்திய காலத்து வேட்டை வேறு கதை. 1848 முதல் சில ஆண்டுகள் நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர் நம் கிழக்குப் பக்கத்துக் காடுகளிலும் சுற்றியவர். அவர் வைத்திருந்தவை வாய்வழி மருந்து இடிக்கும் கனத்த துவக்குகள். ஒரு வகையில் நம் இடியனின் பெரியண்ணன்கள். பத்து அடி எடுத்துவைக்கும் தூரத்துக்குள் போய் நெற்றியில் சுடுவதே இங்கத்தைய முறை. பின்னால் ஆபிரிக்கா போனபோது இலங்கையில் பலித்த நெற்றிவெடி அங்கத்தைய யானையிடம் பலிக்கவில்லை என்று கண்டுகொண்டார். மண்டையின் வடிவம் வேறு. ஆழம் போகக்கூடிய தோட்டாவுக்கான தேடல் அங்கேயே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம். பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் றொஜர்ஸ் ஆயிரத்து நானூறு யானைகளைக் கொன்றதாகப் பெயர். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். அன்று யானை பயிரைத் தின்னும் பூச்சிக்குச் சமம். தலைக்கு இவ்வளவு சிலிங் என்று அரசாங்கமே பணம் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குள் வடபகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குப் பணம் போனதாக அன்றைய குடியேற்றநாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட் எழுதினார்.

சரி, லண்டன் தோட்டாவுக்கு வருவோம். அதற்கு மூன்று எடையில் ரவை கொடுத்தார்கள்: 235, 270, 300 கிரேன். மான் மரைக்கு இலேசானது, எருமை யானைக்குக் கனத்தது. வழமையில் எடை மாறினால் ரவை விழும் இடமும் மாறும்; குறிகாட்டியைத் திருத்த வேண்டும். பெரும்பாலான .375 துவக்குகளில் மூன்றும் ஏறத்தாழ ஓரிடத்தில் போய் விழும் என்பது அதன் பெயரைப் பரப்பியது. ஒரேயொரு துவக்கு வைத்திருக்கக்கூடிய குடியானவனுக்கு இது பெரிய காரியம். நம் வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) ஒரே கத்தியால் வேலி வெட்டவும் தேங்காய் உரிக்கவும் பழகிய ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1905இல் பேர்லினில் ஒட்டோ பொக் என்பவர் ஆபிரிக்காவுக்குப் போகும் ஜேர்மன் குடியேறிகளுக்காகச் செய்த 9.3 மில்லிமீற்றர் தோட்டாவும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான். அது சாதாரண மௌசரிலேயே அடங்கும், மலிவு. நேர்மையாகச் சொன்னால் அது .375க்குப் பெரிதாகக் குறைந்ததும் இல்லை. ஆனால் ஆங்கிலப் பேரரசின் சந்தை அதற்குக் கிடைக்கவில்லை.

பேரரசு இன்னொரு வகையிலும் தோட்டாக்களின் தலையெழுத்தை எழுதியது. 1907 வாக்கில் இந்தியாவுக்குள் .450 அளவுத் துவக்குகளையும் ரவைகளையும் கொண்டுவரத் தடை வந்தது. பழைய மார்ட்டினி-ஹென்றி இராணுவத் துவக்குகளுக்குக் கலகக்காரர் அந்த ரவையைப் பயன்படுத்திவிடுவார்கள் என்ற பயம். உடனே லண்டன் பட்டறைகள் .465, .470, .475 என்று மயிரிழை மாற்றி அதே பலத்தில் புதிய தோட்டாக்களை இறக்கின. எண்களின் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அந்தத் தடைதான். .375 அந்தச் சண்டைக்கு வெளியே நின்றது.

அதை உயிரோடு வைத்தது 1937. அந்த ஆண்டு அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனம் தன் 70ஆம் மாதிரித் துவக்கை .375இலும் விற்கத் தொடங்கியது. லண்டனில் அளந்து தைத்த சட்டையாக இருந்தது கடையில் தொங்கும் சட்டையானது. பேரரசு கலைந்து, 1960களின் இறுதியளவில் பேர்மிங்ஹாமின் கைனொக் நிறுவனம் பெரிய வேட்டைத் தோட்டாக்களைச் செய்வதை விட்டபோது, விலையுயர்ந்த இரட்டைக்குழல்கள் எல்லாம் சாப்பாடில்லாமல் அலுமாரிக்குள் போயின. அமெரிக்கத் தொழிற்சாலைகள் செய்துகொண்டிருந்த .375க்கு அந்தப் பஞ்சம் வரவில்லை. ஆபிரிக்க நாடுகள் பல, ஆபத்தான விலங்குகளுக்கு இதையே ஆகக் குறைந்த எல்லையாகச் சட்டத்தில் எழுதின. சிம்பாப்வே 9.2 மில்லிமீற்றர் விட்டமும் 5,300 யூலும் கேட்கிறது. .375ஐ உள்ளே விட்டு, அதற்குச் சற்றுக் கீழே கோடு கிழித்த எண்கள் அவை.

இந்தக் கோடு எதற்கு? விலங்கு காயத்தோடு தப்பிப் போகக்கூடாது என்பதற்கு. காயப்பட்ட யானை என்றால் என்ன என்பதைக் காணொளி பார்த்து அறிய வேண்டிய தேவை நமக்கில்லை. போரதீவுப்பற்றில் வளவுக்குள் புகுந்து சுவரை இடித்து நெல் மூட்டையை இழுக்கிற தனியன்களில் பழைய வெடிக்காயம் இல்லாதது அரிது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். மிகைதான் என்றாலும் பொய்யில்லை. சன்னம் தோலுக்கடியில் தங்கும், சீழ் வைக்கும், புண் மாதக்கணக்கில் நாறும். அந்த அலியன் (கொம்பில்லாத ஆண் யானை) நொண்டிக்கொண்டு, கூட்டத்தோடு நடக்க முடியாமல், கிட்டிய வட்டையிலேயே தங்கிவிடும். மனித வாடை பட்டால் விலகாமல் நேரே வரும். வெடி வைத்தவன் ஒருவன், மிதிபடுகிறவன் விடியற்காலை சைக்கிளில் பால் கொண்டுபோகிற வேறொருவன்.

ஆகவே பரணில் வாதாடும் தம்பிமார், “நமக்கும் ஒண்டு இருந்தா” என்று தொடங்கும்போது நான் உடன்படுவதில்லை. 1937இன் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் யானைக்குக் காவல் நிற்கிறது. அது ஒரு காரணம். 2011 கணக்கெடுப்பில் நாடு முழுதும் 5,879 யானைகள். 2019 என்ற ஒரே ஆண்டில் செத்தவை 400க்கு மேல், அந்த ஆண்டில் யானையால் செத்த மனிதர் 120 அளவில். இவ்வளவு சாவுக்கும் எந்த யானைத் தோட்டாவும் தேவைப்படவில்லை: மின்கம்பி, தீனிக்குள் மறைத்து வைக்கும் வாய்வெடி, சொட்கன், இரயில், பாழ்ங்கிணறு என்று கைக்கெட்டியவையே போதுமாக இருந்தன. கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கி, இங்கினியாகலையில் அணை எழுந்து, காடு வெட்டிக் கொளனிகள் வந்தபின் யானையின் பழைய தடங்கள் வயலாகிவிட்டன. அந்தக் கணக்கை எந்தத் தோட்டாவாலும் தீர்க்க முடியாது.

தோட்டாவை ரசிப்பது வேறு. பித்தளையில் ஆப்புச் சரிவும் அரைஞாணும் ஏன் வந்தன என்று தெரிந்துகொண்டு ரசிக்கிறவனோடு நான் விடிய விடியப் பேசுவேன்.

இப்போது யானைக்கு நம் பக்கத்தில் முறைப்படி வைக்கும் வெடி, மயக்க ஊசி. வனசீவராசிகள் திணைக்கள மருத்துவர்கள் கொண்டுவரும் துவக்கு ஊசியை மெதுவாகத்தான் தள்ளும். தோலைத் தாண்டித் தசையைத் தொட்டால் போதும். சில மாரிக்கு முன் எங்கள் வட்டையோரம் வந்த ஓர் அலியனுக்கு அப்படிப் போட்டார்கள். விடிந்து ஏழு மணியிருக்கும். ஊசி பட்டதும் அது வேலங்காட்டுக்குள் போய், கால் மணிக்கு மேல் நின்று, படுக்காமலே தலையைத் தொங்கவிட்டது. மருத்துவர் கிட்டப் போய் விலாவில் கை வைத்துத் தடவினார். பக்கத்தில் நின்ற என் கையையும் பிடித்து வைத்தார். தோலுக்குக் கீழே கடலைக்கொட்டை அளவில் கட்டி கட்டியாக உருண்டது. “சன்னம். எண்ணிப் பாருங்க” என்றார். பதினொன்று வரை எண்ணினேன். ஒன்றுகூட ஓர் அங்குல ஆழத்தைத் தாண்டியிருக்கவில்லை.